லயத்திலிருந்து புறம்போக்குக்கு

கோலகங்சாரில் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிழட்டு ரப்பர் மரம் நிற்கிறது. 1877இல் அந்த ஊரில் நட்ட கன்றுகளில் எஞ்சியது அது ஒன்றுதான். வேலி போட்டு, அறிவிப்புப் பலகையும் வைத்திருக்கிறார்கள். பாட்டியை ஒருமுறை அங்கே கூட்டிப்போனேன். முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். வேலிக்கு வெளியே நின்று தண்டை மேலும் கீழும் பார்த்தார். "இதுல எங்க வெட்டுறது? பட்டையே இல்லயே" என்று சொல்லிவிட்டு காருக்குத் திரும்பிவிட்டார்.

பாட்டியின் தோட்டம் சுங்கை சிப்புட் பக்கம் இருந்தது. இப்போது அங்கே செம்பனை. குடும்பம் ஈப்போவுக்கு வந்தது 1986இல். வீட்டில் அந்தப் பேச்சு எடுத்தால் இரண்டு கட்சி. அப்பா, "நல்ல வேளை, அந்த நரகத்துலேர்ந்து தப்பிச்சோம்" என்பார். பாட்டி, "அங்க இருந்த வரைக்கும் யாருகிட்டயும் வீடு கேட்டு நிக்கல" என்பார். பாட்டி சொல்வது வெறும் ஏக்கம் என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். கொஞ்சம் வரலாறு படித்த பிறகுதான் இரண்டு பேரும் ஒன்றையே சொல்கிறார்கள் என்று பட்டது.

தோட்டத்தில் லயத்து வீடு நிர்வாகத்துடையது. தண்ணீர், ஆயாக்கொட்டகை, கள்ளுக்கடை, தமிழ்ப்பள்ளி, கோயில் எல்லாமே தோட்டத்து நிலத்துக்குள். காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்வரை இவை உண்டு. பெயர் நின்றால் எல்லாம் நின்றுவிடும். வேலை போவது ஒரு கஷ்டம். வேலையோடு வீடு, பள்ளி, சாமி எல்லாம் ஒரே கடிதத்தில் போவது வேறு வகைக் கஷ்டம். 1938இல் இந்திய அரசு மலாயாவுக்கான தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது. கங்காணி ஆள்சேர்ப்பு அதோடு ஓய்ந்தது. வீட்டை வேலையோடு முடிச்சுப்போட்ட ஏற்பாடு மட்டும் ஓயவில்லை.

அதை எதிர்த்துப் பேசியவர்களும் இருந்தார்கள். 1948 ஜூனில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று துரைமார் சுட்டுக் கொல்லப்பட, அவசரகாலம் தொடங்கியது. தீவிரமான தொழிற்சங்கங்கள் அதோடு நொறுங்கின. அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி 1949 மே மாதம் தூக்கிலிடப்பட்டார். அதன்பின் தோட்டத்தில் சம்பளம் பற்றிக் கேட்கலாம், நிலம் பற்றிக் கேட்க முடியாது என்றானது.

அடுத்து வந்தது தோட்டத் துண்டாடல். நாடு சுதந்திரத்தை நெருங்கிய காலத்தில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் பலர் துண்டுதுண்டாக வெட்டி மறுபடி விற்றார்கள். பத்து ஏக்கர் வாங்கியவனுக்கு லயம் எதற்கு, பள்ளி எதற்கு? 1951 முதல் 1960 வரை நடந்ததைப் பேராசிரியர் உங்கு அசிஸ் ஆய்வுசெய்து பதிவு செய்தார். சுங்கை சிப்புட்காரரான துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள். நம் வரலாற்றில் தொழிலாளி நிலத்துக்குச் சொந்தக்காரனாக முயன்ற பெரிய முயற்சி அது. ஆனால் சங்கம் வாங்கியதைவிட வாங்க முடியாமல் போன தோட்டங்களே அதிகம்.

1971இல் புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது. இன வேறுபாடு பாராமல் வறுமையை ஒழிப்பது அதன் முதல் நோக்கம். 1970இல் தீபகற்ப மலேசியக் குடும்பங்களில் 49.3 விழுக்காடு வறுமையில் இருந்தன. 1990க்குள் அது 20 விழுக்காட்டுக்கும் கீழே வந்தது. இது உண்மையான சாதனை, மறுப்பதற்கில்லை. ஆனால் அரசின் கிராமப்புறத் திட்டங்கள் கம்பங்களுக்கும் ஃபெல்டா குடியேற்றங்களுக்கும் போயின. தோட்டம் தனியார் நிலம், அங்கே நிர்வாகம் பார்த்துக்கொள்ளும் என்று விடப்பட்டது. 1981 செப்டம்பர் 7 அன்று லண்டன் பங்குச்சந்தையில் சில மணி நேரத்தில் கத்ரி கம்பெனி மலேசியர் கைக்கு வந்தது. நாடே பெருமைப்பட்டது. தோட்டங்களுக்கு முதலாளி மாறினாலும் லயத்தில் இருந்தவனுக்கு வீடு அப்போதும் சொந்தமாகவில்லை.

ரப்பரைவிடச் செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும். பாட்டியின் தோட்டத்தில் மரங்களைத் தள்ளினார்கள். குத்தகைக்காரர் வெளிநாட்டுத் தொழிலாளர்களைக் கொண்டுவந்தார். மூன்று மாத அவகாசத்தில் லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்கு வந்தார்கள்.

வந்த காலத்தைக் கவனியுங்கள். 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றத்திடம் பணம் தீர்ந்து, ஈய விலை சரிந்தது. ஈப்போவை வளர்த்த கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. தோட்டம் கைவிட்டவர்கள், ஈயம் கைவிட்ட ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். தாத்தாவுக்கு வேலை கிடைக்கவில்லை. அப்பா பதினேழு வயதில் லாரி அட்டெண்டன் ஆனார். பாட்டி புந்தோங்கில் கச்சாங் பூத்தே வறுக்கும் ஒரு வீட்டில் கூலிக்குப் போனார்.

குடியிருந்தது புறம்போக்கில், பழைய ஈயக்குட்டையின் கரையில். ஈப்போவில் ஏழைக்குக் கிடைத்த இடங்கள் இப்படித்தான்: குட்டை ஓரம், ரயில் பாதை ஓரம், சுண்ணாம்பு மலையடி. 1973 அக்டோபரில் குனோங் சீரோ மலையின் ஒரு பாளம் பெயர்ந்து அடிவாரத்து வீடுகள்மேல் விழுந்து ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகும் மலையடிகளில் ஆட்கள் குடியிருந்தார்கள். 1980களில் மலிவு விலை வீட்டுக்கு அரசு வைத்த விலை 25,000 வெள்ளி. நாள்கூலிக்காரனிடம் சம்பளச் சீட்டு இல்லை. சீட்டு இல்லாதவனுக்கு வங்கிக் கடன் இல்லை.

தோட்டத்தைப் பற்றி நாம் நிறைய எழுதியிருக்கிறோம். என் வாசிப்பில், பெரும்பாலான கதைகள் அந்த லாரி புறப்படும் இடத்தில் முடிந்துவிடுகின்றன. பால்வாசமும் பனியும் திருவிழாவும் பின்னால் மறைகின்றன, கதாசிரியர் கண்கலங்குகிறார். லாரி போய் நின்ற இடத்தைப் பற்றி எழுதியவை குறைவு. குண்டர் கும்பல், குடி, பள்ளியை விட்ட பையன்கள் என்று இன்று நாம் செய்தியில் படித்து உச்சுக்கொட்டுவதன் பாதி, அந்த லாரி நின்ற இடத்தில்தான் இருக்கிறது. தோட்டத்தைச் சொர்க்கமாக எழுதினால் அப்பாவுக்குத் துரோகம். 'முன்னேறிவிட்டோம்' என்று எழுதினால் பாட்டிக்கு.

2009இல் அப்பா ஓர் அடுக்குமாடி வீட்டுக்குக் கடன் வாங்கினார். நான்காவது மாடி, இரண்டு அறை. சாவி வாங்கிய அன்று பாட்டி கூடத்தில் உட்கார்ந்து சுவரைத் தடவிப் பார்த்தார்.

"ஏம்பா, இது நம்மளுதா? யாரும் வந்து காலி பண்ணச் சொல்ல மாட்டாங்களே?"

"பேங்குக்குக் கட்டுற வரைக்கும் சொல்ல மாட்டாங்கம்மா" என்றார் அப்பா.

பாட்டி கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப இதுவும் பெரட்டு மாதிரிதான்" என்றார்.