குந்தா கோத்தரும் அயல்மொழிச் சொற்களும்

நீலகிரிப் பழங்குடியினரான கோத்தரின் ஏழு ஊர்களுள் ஒன்றான குந்தா கோத்தகிரியின் மக்கள், இரும்படித்தலையும் பாண்டம் வனைதலையும் வாத்தியம் இசைத்தலையும் குலத்தொழிலாகக் கொண்டு, படகரிடம் தானியமும் தொதவரிடம் நெய்யும் பெற்று வாழ்ந்தவர்களாதலின், பிறர் பாஷை அவர்களுக்கு ஏட்டுக் கல்வியாக அன்றி ஜீவனோபாயமாகவே வந்து சேர்ந்தது. கூர் மழுங்கிய அரிவாளையோ காம்பு கழன்ற கொத்தையோ எடுத்துக்கொண்டு படகர் ஒருவர் உலைக்களம் வந்தால், கலகலப்பான கொல்லன் பிழையாயினும் அவர் மொழியிலேயே வாயாடியிருப்பான். துருத்தி ஊதும் சங்கோசியோ வாய் திறவாமல் கேட்டுக்கொண்டே இருந்திருப்பான். இருவருக்கும் சொற்கள் சேர்ந்தன. சேர்ந்த விதந்தான் வேறு.

மனிதரை அகமுகர், புறமுகர் என யுங் என்னும் மனோதத்துவ அறிஞர் 1921-ல் பகுத்துக் காட்டியபின், அந்நிய மொழி கற்பதில் சுபாவத்தின் பங்கு எத்தகையது என்று பலர் ஆராய்ந்தனர். கூச்சமற்றவர் தடையின்றிப் பேசுகின்றனர் என்பது பெரிதும் தெளிவாயிற்று. ஆனால் சொல்வளம் அவர்களுக்கே மிகுதி என்பது அவ்வாறு நிலைபெறவில்லை. பேச்சு சரளமாக வருவதையே மொழியறிவு என்று மயங்குவது நம் பள்ளிகளில் இன்றும் காணும் பெருங்குறை என்பது என் துணிபு.

இவ்விரு சுபாவங்களும் ஒன்றுக்கொன்று துணைநின்றதற்கு நீலகிரியிலேயே ஓர் அரிய சான்று உண்டு. கொல்லிமலை என்னும் கோத்தர் ஊரைச் சேர்ந்த சுள்ளி, ஆங்கிலம் கற்று ஆசிரியராயிருந்தவர். பழைய வழக்கங்களை மாற்றத் துணிந்து, தம்மவரின் எதிர்ப்பையும் தாங்கியவர். கதை சொல்வதில் சலியாதவர். 1930-களின் பிற்பகுதியில் இங்கு வந்த கனடா நாட்டு மொழிநூலறிஞர் எமனோ, எழுத்து வடிவம் இல்லாத கோத்த மொழியைச் சுள்ளியின் வாய்மொழியாகக் கேட்டு, ஒலி ஒன்றும் நழுவாதபடி, பொறுமையோடு எழுதிக்கொண்டார். ஒருவர் தயங்காது பேசினார். மற்றவர் சளைக்காது கேட்டார். சுள்ளி சொன்ன கதைகளே 1944 முதல் 1946 வரை நான்கு பகுதிகளாக, ‘கோத்த நூற்பாடங்கள்’ என்று பொருள்படும் பெயரில், கலிபோர்னியப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தன.

பின்னர் எமனோ, மொழிநூலறிஞர் பர்ரோவுடன் சேர்ந்து 1961-ல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியில், தமிழ்ச் சொற்களுக்கு அருகே கோத்தச் சொற்களும் உரிய இடம் பெற்றன. அந்நூலைப் புரட்டும் தமிழ் மாணவர்கள் இவ்விரு அறிஞர்களின் பெயர்களோடு சுள்ளியின் பெயரையும் அறிந்திருத்தல் வேண்டும்.