கரமனைச் சிறுவர்களும் விஞ்ஞான சாகசக் கதைகளும்

திருவனந்தபுரத்தில் கரமனை ஆற்றங்கரையில் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் அக்கிரஹார வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பிள்ளைகளின் படிப்பில் ஒரு விசித்திரமான சங்கடம் உண்டு. வீட்டில் பேசுவது தமிழ். பள்ளிக்கூடத்தில் பயில்வது பெரும்பாலும் மலையாளமும் ஆங்கிலமும். தமிழ் எழுத்தோ, வீட்டுப் பெரியவர் யாரேனும் திண்ணையில் உட்கார்த்திவைத்துச் சொல்லிக் கொடுத்தால்தான் உண்டு. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதியன்று நாஞ்சில் நாடு சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்து, கரமனை கேரளத்தில் நின்றபின் இந்தச் சங்கடம் இன்னும் சற்று இறுகியது. ஆகவே சிறுவனுக்கு எந்தக் கதைப் புஸ்தகத்தைக் கொடுப்பது என்ற கேள்வி இங்கே வெறும் பொழுதுபோக்கைப் பற்றியதாக இருக்கவில்லை.

ஆங்கிலத்தில் படிக்க வல்ல பையனுக்குக் கவலையில்லை. சுவாதித் திருநாள் மகாராஜாவின் காலத்தில், 1829இல், ஸ்தாபிக்கப்பட்ட பொது நூலகம் நகரத்தின் நடுவிலேயே இருந்தது; ஜூல்ஸ் வெர்ன், எச். ஜி. வெல்ஸ் ஆகியோரின் பெயர்கள் படித்த குடும்பங்களுக்குப் புதியவையுமல்ல. பாலர்களுக்குக் கதை தேர்ந்தெடுக்கும் கலையைச் சாஸ்திரமாகவே வளர்த்தவர் என்று வெர்னின் பிரசுரகர்த்தரான ஹெட்ஸலைத்தான் சொல்ல வேண்டும். வெர்ன் 1863இல் எழுதிய ‘இருபதாம் நூற்றாண்டில் பாரிஸ்’ என்ற கதையை, இதையெல்லாம் எவன் நம்புவான் என்று அவர் மறுத்துவிட்டார். அது அச்சேறியது 1994இல்தான். வருங்கால நகரத்தை ஊகிப்பதில் வெர்ன் ஹெட்ஸலை வென்றார் என்றாலும், பிழைக்க வழியறியாத ஒரு கவிஞன் குளிரில் அலைவதைப் பையன்கள் எத்தனை பக்கம் பொறுப்பார்கள் என்று பார்த்தால், ஹெட்ஸலின் தீர்ப்பில் பெரிய பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதே வெர்னின் கப்பல் தலைவன் நீமோ, 1857ஆம் வருஷக் கிளர்ச்சியில் ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்றுக் கடலுக்கடியில் புகுந்த புந்தேல்கண்டத்து ராஜகுமாரன் என்பது ‘மர்மத் தீவு’ என்னும் பிந்திய நாவலில் வெளியாகிறது. வெள்ளைக்காரக் கட்டுக்கதை என்று இந்நூல்களை ஒதுக்கிய பெரியவர்கள் அந்தப் பக்கம்வரை படித்திருக்க மாட்டார்கள்.

தமிழில் நிலைமை வேறு; புஸ்தகமும் பத்திரிகையும் வெளியூரிலிருந்து வர வேண்டும். 1931 முதல் தம்பானூர்வரை வந்த ரயில், செங்கோட்டை, கொல்லம் மார்க்கமாகத் திருவனந்தபுரத்தைச் சென்னையோடு இணைத்தது. நாகர்கோவிலுக்கோ 1979வரை ரயில் கிடையாது, கரமனை வழியே செல்லும் நெடுஞ்சாலைதான் கதி. 1947இல் அம்புலிமாமா, 1950இல் ஆர்வியை ஆசிரியராகக் கொண்ட கண்ணன் ஆகிய சிறுவர் பத்திரிகைகள் தோன்றின. பெ. நா. அப்புஸ்வாமி விஞ்ஞானத்தைத் தெளிந்த தமிழில் எழுதிக்கொண்டிருந்தார். இவையெல்லாம் பெரியவர்கள் மனமுவந்து வாங்கிக் கொடுத்தவை; நீதி இருக்கிறதா, பாஷை சுத்தமா என்பவையே அவர்கள் வைத்த பரீட்சைகள்.

பையன்கள் வைத்த பரீட்சை ஒன்றே ஒன்று: அடுத்த பக்கத்தில் என்ன நடக்கிறது? 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யோடு புறப்பட்டபோது அந்தப் பரீட்சைக்கு விடை கிடைத்தது. பத்து வருஷங்களுக்கு முன் ‘வேலியன்ட்’ என்ற ஆங்கில வாரப் பத்திரிகையில் பிறந்த கதை அது. ஒரு கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொண்டவன், மின்சாரம் பாய்ந்ததும் உடல் முழுவதும் மறைந்து போகிறான். இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் நீந்திச் சென்று பூட்டைத் திறக்கிறது. மின்சாரத்தின் சக்தி தீர்ந்தால் மாயமும் தீர்ந்துவிடும்! விஞ்ஞானம் என்று பார்த்தால் இது சுத்த அபத்தம். ஆனால் அந்த அபத்தத்துக்கு ஒரு விதி இருந்தது; அந்த விதிக்குக் கதாநாயகனும் கட்டுப்பட்டான். வேகமான கதையில் பையனுக்கு நான் தேடுவது இந்தக் கட்டுப்பாட்டைத்தான். நினைத்தபோதெல்லாம் புதுச் சக்தி பெறும் கதாநாயகன் மூன்றாம் அத்தியாயத்திலேயே சலித்துவிடுவான்.

சித்திரக் கதை படிப்பைக் கெடுக்கும் என்று அந்நாளில் ஊரெங்கும் சொன்னார்கள். அந்தக் கவலை சென்னையில் நியாயமாக இருந்திருக்கலாம். தமிழ் எழுத்தைப் பள்ளியில் காணாத கரமனைப் பிள்ளைக்கு, எழுத்துக்கூட்டியாவது ஒரு புஸ்தகத்தை முடிக்கவைத்த பெருமை திருக்குறள் உரையைவிட இரும்புக் கைக்கே அதிகம் சேரும். பிற்பாடு சுஜாதா ‘என் இனிய இயந்திரா’வை ஆனந்த விகடனில் தொடராக எழுதியபோது, பெரியவர்களுக்கென்று வந்த அந்தக் கதையின் இயந்திர நாய் ஜீனோவைச் சிறுவர்கள் யாரையும் கேட்காமல் தங்களுடையதாக்கிக் கொண்டார்கள்.