தீர்க்காயுளும் ஊர்ப் பழக்கமும்: ஒக்கினாவா, நகானோ மாகாணங்களை முன்னிட்டு ஓர் ஆய்வு

நோயின்றி நெடுநாள் வாழும் மக்களைப் பற்றி ஆராயப் புகுவோர், அவர்கள் உண்ணும் பண்டங்களைக் கணக்கெடுத்து, அவற்றுள் ஏதோ ஒன்றிலேயே தீர்க்காயுளின் இரகசியம் அடங்கியிருப்பதாக முடிவு கட்டிவிடுவது வழக்கம். ஆகாரம் ஆயுளை வளர்ப்பது மெய்யே. ஆயினும் நல்ல ஆகாரத்தைக் காத்துக்கொள்ளவும் தீயதைத் திருத்திக்கொள்ளவும் வல்ல சமூக ஏற்பாடு இல்லாதவிடத்து அதன் பயன் நிலைப்பதில்லை என்பதே இக்கட்டுரையின் துணிபு.

ஜப்பானின் தென்கோடியிலுள்ள ஒக்கினாவாவின் புகழ் பலரும் அறிந்தது. 1605-இல் சீனத்திலிருந்து வந்து சேர்ந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு அத்தீவினரின் பிரதான உணவாயிற்று. டோஃபுவும் பாகலும் கடற்பாசியும் அதனுடன் சேர்ந்தன. வயிற்றின் பத்துப் பங்கில் எட்டு நிரம்பியதும் எழுந்துவிட வேண்டுமென்பது பெரியோர் வாக்கு. 1985-இல் ஆண், பெண் இருபாலாரின் சராசரி ஆயுளிலும் 47 மாகாணங்களுள் ஒக்கினாவாவே முதலிடம் பெற்றது. ஆனால் 1972 வரை நீடித்த அமெரிக்க நிர்வாகத்தின்கீழ் வளர்ந்த தலைமுறையினர், டப்பா இறைச்சிக்கும் பொரித்த பண்டங்களுக்கும் மோட்டார் வண்டிக்கும் பழகி நடுவயதை எட்டியபோது, 2000-இல் ஆண்களின் வரிசையில் அது 26-ஆம் இடத்திற்கு இறங்கிற்று. வமிசம் மாறவில்லை; வாழ்வு முறையே மாறியது.

நகானோவின் சரித்திரம் இதற்கு நேர்மாறானது. கடலற்ற அம்மலைநாட்டில், நீண்ட பனிக்காலத்தைக் கடத்துவதற்கு உப்பிலிட்ட கீரையும் மிசோ ரசமுமே துணையாக இருந்தமையால், பக்கவாதம் அங்கே மிகுந்த உயிர்களைக் கொள்ளைகொண்டது. 1945-இல் சாக்கு என்னும் ஊரின் மருத்துவமனைக்கு வந்த வைத்தியர் வக்காத்சுகி தொஷிகாசு, நோயாளி தம்மிடம் வரும்வரை காத்திராமல் கிராமங்களுக்குச் சென்று, பரிசோதனை முடிந்தபின் உழவர்களுக்கு நாடகம் நடித்துச் சுகாதாரம் போதித்தார். 1959-இல் யாச்சிஹோ கிராமம் முழுவதற்கும் வருடாந்தர வைத்தியப் பரிசோதனையை ஏற்படுத்தினார். இவற்றினும் முக்கியமானதாக எனக்குத் தோன்றுவது, 1945-இல் தக்காஹோ கிராமத்துப் பெண்கள் சுகாதாரத் தாதிக்கு உதவ முன்வந்ததிலிருந்து மாகாணமெங்கும் பரவிய தொண்டர் அமைப்பே. அயல் வீடுகளுக்குச் சென்று மிசோ ரசத்தின் உப்பை அளந்து காட்டி, காய்கறியை மிகுத்து ரசத்தைக் குறைக்கும்படியும் ஊறுகாய்த் தட்டைச் சிறிதாக்கும்படியும் சொன்னவர்கள் அவர்களே. குளிரும் இரத்த அழுத்தத்தைப் பெருக்குமாதலால், வீட்டில் ஓர் அறையையேனும் கதகதப்பாக வைத்திருக்கும் இயக்கமும் நடைபெற்றது. 1990-இல் ஆண்களின் ஆயுளிலும், 2010-இல் இருபாலாரின் ஆயுளிலும் நகானோ முதலிடம் எய்தியது.

1961 முதல் ஜப்பானியர் அனைவருக்கும் கிடைத்த மருத்துவக் காப்பீடும், இரத்த அழுத்தத்திற்கான மருந்துகளும் இம்மாறுதலுக்குக் காரணமாகலாமே என்று ஆட்சேபிக்கலாம். ஆட்சேபம் நியாயமானதே, பக்கவாத மரணம் ஜப்பான் முழுவதிலுமே குறைந்தது. ஆனால் யாவர்க்கும் பொதுவான காரணம் பொதுவான உயர்வை விளக்குமேயன்றி, பின்தங்கியிருந்த ஒரு பிரதேசம் பிறவற்றைக் கடந்து சென்றதை விளக்காது. முதியோர் பலர் அங்கே இன்னும் உழைத்துவருவது ஆரோக்கியத்தின் காரணமா, காரியமா என்பதை இப்புள்ளிகளை மட்டும் கொண்டு தீர்மானிக்க இயலாது; அதனால் அதனை என் வாதத்திற்குத் துணையாகக் கொள்ளவில்லை. தொண்டர் பதவி சில ஆண்டுகளுக்கொருமுறை கைமாறி வருவதையே பெரிதாகக் கொள்கிறேன்: பதவியை விட்டு வீடு திரும்பும் பெண் உப்பின் அளவை அறிந்தவளாகவே திரும்புகிறாள், அடுத்த வீட்டுப் பெண் அதனைக் கற்கத் தொடங்குகிறாள்.