ஷாப்லி வெள்ளை ஒயின்: ஒரு வட்டார இயல்பு உருவான வரலாறு

பிரெஞ்சு ஒயினைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் மண்ணிலிருந்துதான் தொடங்குவார்கள். பர்கண்டியின் வடகோடியில் செரேன் ஆற்றங்கரையிலுள்ள ஷாப்லிக்கு அந்த விளக்கம் கச்சிதமாகப் பொருந்துவதாகத் தோன்றும். சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த கிம்மரிட்ஜியன் சுண்ணாம்புக் களிமண், அதில் புதைந்த சின்னஞ்சிறு சிப்பிகள், அதன்மேல் ஷார்டொனே கொடி. அதிலிருந்து கிடைப்பது இனிப்பற்ற, புளிப்பு தூக்கலான வெள்ளை ஒயின். சிப்பி மண்ணின் வாசனை கோப்பைவரை வருகிறது என்பார்கள். பாறையின் சுவை வேர் வழியே அப்படியே ஏறுவதில்லை என்று நிலவியலாளர்கள் மறுக்கிறார்கள். புளிப்புக்குக் குளிரான தட்பவெப்பமே போதிய காரணம். அதைவிட முக்கியமாக, மண் என்றும் அங்கேதான் இருந்தது. ஷாப்லியின் இன்றைய முகமோ பெரிதும் 20ஆம் நூற்றாண்டில் அமைந்தது.

1114இல் நிறுவப்பட்ட பொந்திஞி மடத்தின் சிஸ்டர்சியன் துறவிகள் சில ஆண்டுகளிலேயே இங்குத் திராட்சைத் தோட்டம் பெற்றனர். ஆனால் இந்த ஒயினை வளர்த்தது மடத்தைவிட ஆறுதான். அருகிலுள்ள ஒசேர் துறையில் பீப்பாய்களை ஏற்றினால் யோன் ஆறும் சீன் ஆறும் அவற்றைப் பாரிசில் சேர்த்துவிடும். 19ஆம் நூற்றாண்டில் யோன் மாவட்டத்தில் சுமார் 40,000 ஹெக்டேரில் கொடிகள் இருந்தன. அவற்றில் பெரும்பகுதி தலைநகரத்து மதுக்கடைகளுக்கான சாதாரண ஒயின்.

ரயில் வந்ததும் அந்த வசதி போயிற்று. வெயில் மிகுந்த தென்பகுதியின் மலிவு ஒயின் பாரிசை நிறைத்தது. நூற்றாண்டின் இறுதியில் பிலோக்செரா பூச்சி வேர்களை அரித்தது. 1950களில் ஷாப்லியில் எஞ்சியது ஏறத்தாழ 500 ஹெக்டேர்தான். மலிவுச் சந்தையை இழந்த ஊருக்குத் தன் பெயரின் மதிப்பே கடைசி முதலாயிற்று. 1938இல் கிடைத்த சட்டப்பூர்வப் பிறப்பிடச் சான்று அந்தப் பெயருக்கு வேலியிட்டது: ஷார்டொனே மட்டுமே, வரையறுத்த நிலம் மட்டுமே. ஊரை நோக்கிய ஒரே குன்றின் ஏழு துண்டுகள், லே குளோ, வால்மூர் முதலியன, சுமார் 100 ஹெக்டேர் பரப்பில் ‘கிராண்ட் குரூ’ என்னும் உச்சத் தகுதி பெற்றன.

சட்டம் மட்டும் போதவில்லை. துளிர் விடும் ஏப்ரல், மே மாதங்களில் உறைபனி விழுந்தால் அந்த ஆண்டே போச்சு. 1945இல் விளைச்சல் ஏறக்குறைய முழுவதும் அழிந்தது. பின்னர் வரிசைகளுக்கிடையே எண்ணெய் அடுப்புகளும் நீர்த்தெளிப்பும் வந்தன. தெளித்த நீர் உறையும்போது வெப்பத்தை வெளியிடுகிறது. அந்தப் பனிக்கவசத்துக்குள் துளிர் சுமார் 0 டிகிரியிலேயே தாக்குப்பிடிக்கும். விளைச்சல் ஓரளவு நிச்சயமானதும் கைவிட்ட சரிவுகளில் மறுபடி கொடி நட்டார்கள்.

அங்கேதான் மண் வாதம் சிக்கலானது. கிம்மரிட்ஜியன் மண் இல்லாத நிலத்துக்கும் ஷாப்லி பெயர் தரலாமா? 1970களில் அதிகாரிகள் சரிவுக்கும் நுண்தட்பவெப்பத்துக்கும் எடை கொடுத்து எல்லையை விரித்தனர். இன்று பரப்பு 5,500 ஹெக்டேருக்கு மேல். சிப்பிப் படிவத்தை விளம்பரத்தில் மட்டும் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை.

அமெரிக்காவில் அந்த வேலி வலுவற்றது. கலிபோர்னியாவில் எந்தத் திராட்சையில் செய்த மலிவு வெள்ளை ஒயினுக்கும் ‘ஷாப்லி’ என்று சீட்டு ஒட்டினார்கள். 2006இல் ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் செய்த ஒப்பந்தம் புதிய சீட்டுகளைத்தான் தடுத்தது. அதற்கு முன்பே அங்கீகாரம் பெற்றவை தொடரலாம்.