குமாரசுவாமி: ஒரு பெயர் போன இரண்டு வழிகள்

தமிழருக்கு அப்பா பெயர்தான் முன்னெழுத்து. தலைமுறை மாறினால் எழுத்தும் மாறிவிடும். இந்த வழக்கத்துக்கு நடுவே, இலங்கையில் ஒரு தனி மனிதரின் பெயர் குடும்பப் பெயராகி அமெரிக்கா வரை போனது.

ஆளுநரிடம் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆறுமுகநாதபிள்ளை குமாரசுவாமி முதலியார், 1835-ல் இலங்கைச் சட்டசபையின் முதல் தமிழ் உறுப்பினரானார். மறு ஆண்டே காலமானார். அவருக்குப் பிறகு அந்தப் பெயர் இரண்டாகப் பிரிந்தது.

மகன் முத்து, அப்பா பெயரை ஆங்கிலேயர் பாணியில் பின்னால் வைத்துக்கொண்டார். லண்டனில் பாரிஸ்டர் ஆனார். அரிச்சந்திரன் கதையை 1863-ல் ஆங்கில நாடகமாக்கினார். 1874-ல் 'சர்' பட்டம் பெற்றார். கென்ட் பகுதியைச் சேர்ந்த எலிசபெத் பீபியை மணந்தார்.

மகள் செல்லாச்சி பொன்னம்பல முதலியாரின் மனைவி. தன் மூத்த பிள்ளைக்கு அவர் நம் வழக்கப்படி தாத்தா பெயரையே சூட்டினார்: பொ.குமாரசுவாமி. மகன் வழியில் பின்பெயரான சொல், மகள் வழியில் பெயராகவே இருந்தது. அந்தத் தாயின் அடுத்த இரு பிள்ளைகள்தான் பொன்னம்பலம் இராமநாதனும் அருணாசலமும். முன்னவர், 1911-ல் படித்த இலங்கையர் தொகுதியில் வென்றவர். பின்னவர், 1919-ல் இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவர். ஆனாலும் வரலாறு பொன்னம்பலத்தின் பிள்ளைகள் என்றே இவர்களை எழுதுகிறது. செல்லாச்சியை ஒரு வரியில் கடந்துபோகிறது. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது. அந்த வீட்டின் அரசியல் அவர் மடியில் அல்லவா வளர்ந்தது!

முத்துவின் ஒரே மகன் 1877-ல் கொழும்பில் பிறந்தார். இரண்டு வயது நிரம்பும் முன்பே அப்பா போய்விட்டார். தாயோடு இங்கிலாந்தில் வளர்ந்த அந்தப் பையனின் முழுப்பெயர் ஆனந்த கென்டிஷ் குமாரசுவாமி. நடுவில் நிற்பது அம்மாவின் ஊர், கடைசியில் நிற்பது தாத்தா. நிலவியல் படித்து, இலங்கையில் கனிம ஆய்வுக்கென ஊர் ஊராகச் சுற்றியவரின் கண் கல்லிலிருந்து சிற்பத்துக்குத் திரும்பியது. 1908-ல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை வெளியிட்டார். 1917-ல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குப் போனவர், 1947-ல் இறக்கும்வரை அங்கேதான் பணியாற்றினார். நடராஜர் திருமேனியின் தத்துவத்தை மேலைநாடு அறிந்தது பெரும்பாலும் அவர் எழுத்தால்தான்.

தாயின் வீட்டுப் பெயரை ஏந்தாத இராமநாதன், 1915 கலவரத்துக்குப் பின் சிங்களருக்காக லண்டனில் வாதாடிய கதை அடுத்த வாரம்.