ஏசியா/கொல்கத்தா

லினக்ஸ் கணினியில் இந்திய நேரத்தைத் தேர்ந்தெடுத்தால் ‘ஏசியா/கொல்கத்தா’ என்றுதான் வரும். தலைநகரம் தில்லி, திட்ட நேரத்துக்கான தீர்க்கரேகையோ அலகாபாத் பக்கம் போகிறது. அப்படியிருக்கக் கொல்கத்தாவுக்கு என்ன உரிமை என்று கேட்கலாம். ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கிய நேர வலயத் தரவுத்தளத்தின் வழக்கம் இது. நாடுகளின் பெயரும் எல்லையும் மாறக்கூடியவை என்பதால், ஒரே கடிகார வரலாறு உள்ள பகுதிக்கு அதன் பெருநகரம் ஒன்றின் பெயரை இடுவார்கள். மும்பையும் தில்லியும் இன்று பெரியவை அல்லவா? உண்மைதான். ஆனால் மக்கள்தொகை ஏறி இறங்குவதற்கெல்லாம் பெயரை மாற்றினால் மென்பொருள் தடுமாறும். கல்கத்தா கொல்கத்தா ஆனபோதும் பழைய ‘ஏசியா/கல்கத்தா’வை அழிக்காமல் மாற்றுப் பெயராக வைத்திருக்கிறார்கள்.

ஊரே வேண்டாம், ‘ஐஎஸ்டி’ போதாதா என்பார்கள். அயர்லாந்தும் இஸ்ரேலும் அதே மூன்றெழுத்தைப் பயன்படுத்துகின்றனவே! சரி, ‘+5:30’? அது இன்றைய இடைவெளியை மட்டும் சொல்லும், நேற்றையதைச் சொல்லாது. கொழும்பும் இன்று அதே 5:30தான்; ஆனால் 1996இல் இலங்கை கடிகாரத்தை முன்னே தள்ளி, 2006இல்தான் திரும்பி வந்தது. 2000ஆம் ஆண்டின் ஒரு கொழும்புப் பதிவை இந்தியக் கணக்கில் படித்தால் அரை மணி பிசகும். ஆக, ‘ஏசியா/கொல்கத்தா’ ஊர்ப் பெயரைப் போலத் தெரிந்தாலும் உண்மையில் ஒரு வரலாற்றுப் பேரேட்டின் தலைப்பு. அந்தப் பேரேட்டில் 1870 முதல் 1906 வரையிலான பகுதியில் இருப்பது கல்கத்தா நேரம்கூட அல்ல, கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 10 விநாடி முந்திய சென்னை நேரம்.