மருத்துவரும் அவர் தேர்ந்த துறையும்

அண்மையில் பிரிக்பீல்ட்சில் என் பழைய மாணவர் ஒருவரைக் கண்டேன். மருத்துவக் கல்வியை முடிக்கும் தறுவாயில் இருக்கிறார். ஆளுமைச் சோதனை ஒன்றை எழுதினாராம். அறுவை மருத்துவம் ஒவ்வாது, மனநல மருத்துவமே ஏற்றது என முடிவு வந்ததாம். சிறுவயது முதல் அறுவை மருத்துவராக விரும்பியவர் அவர். "நம்பலாமா ஐயா?" என்று கேட்டார்.

ஆசிரியர் பயிற்சியில் உளவியலைச் சிறிதளவே கற்றவன் நான். எனினும் இச்சோதனையின் கதையை அறிவேன். கார்ல் யூங் 1921இல் வெளியிட்ட மனித வகைகள் பற்றிய கருத்தை அடியொற்றி, அமெரிக்கப் பெண்மணியான கேதரின் பிரிக்சும் அவர் மகள் இசபெல் மயர்சும் உருவாக்கியதே புகழ்பெற்ற வினாநிரல். 1950களில் மயர்ஸ் 45 மருத்துவக் கல்லூரிகளைச் சார்ந்த 5,355 மாணவரை அதனால் ஆராய்ந்தார். பின்னர் அவர்கள் புகுந்த துறைகளையும் பார்த்தார். சில இயல்பினர் சில துறைகளில் மிகுந்திருந்தனர். ஆயினும் எல்லா இயல்பினரும் எல்லாத் துறைகளிலும் காணப்பட்டனர். பின்னதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

நம் கிள்ளானையே பாருங்கள். 1901இல் அங்கே மாவட்ட மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன் அப்போது முப்பதையும் எட்டாத ஸ்காட்லாந்துக்காரர். அவ்வாண்டு திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் மலேரியாவால் சில வாரங்களிலேயே மூடப்பட்டது. வாட்சன் காட்டை வெட்டச் செய்தார். சதுப்பு நீரை வடிக்க வடிகால் தோண்டச் செய்தார். கிள்ளானிலும் துறைமுகத்திலும் 1901இல் 610ஆக இருந்த மலேரியா நோயாளர் எண்ணிக்கை 1905இல் 23ஆகக் குறைந்தது. பின்னர்த் தோட்டங்களிலும் அவர் பணி தொடர்ந்தது. நம் முன்னோர் வாழ்ந்த தோட்டங்கள் அவை! அவருடைய துறையை எந்த வினாத்தாளும் காட்டவில்லை. கிள்ளான் காய்ச்சலே காட்டியது.

மற்றொருவர் டாக்டர் த. ஜ. தனராஜ். 1950களில் சிங்கப்பூரில் இந்தியரிடையே மிகுதியாகக் காணப்பட்ட ஒருவகை நுரையீரல் நோயை ஆராய்ந்தவர்; 1960களில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவத்துறையின் முதல் தலைவராகி அதனை உருவாக்கியவர். அங்கிருந்து முதல் அணியினர் 1969இல் பட்டம் பெற்றனர்.

இன்று விருப்பம் மட்டும் போதாது. நிபுணத்துவப் பயிற்சிக்கு இடமும் கிடைக்கவேண்டும். 2016 இறுதியில் ஒப்பந்த நியமனம் வந்தபின் இக்கவலை பெருகியது. 2021 ஜூலையில் இளம் மருத்துவர்கள் கறுப்புடையுடன் வெளிநடந்ததை மறந்திருக்க மாட்டோம்.

பயிற்சி மருத்துவர்கள் ஈராண்டில் ஆறு பிரிவுகளில் பணியாற்றுகின்றனர். "தம்பி, அறுவைப் பிரிவில் நான்கு மாதம் நின்றுவிட்டு வா, அப்போது பேசுவோம்" என்று சொல்லியனுப்பினேன்.